பாராதைராய்டை நிணநீர்க் கணு என்று எழுதிவிட்டேன்

கேள்வி: முதலாண்டு மாணவி

நேற்று ஹிஸ்டாலஜி (திசுவியல்) இன்டர்னல் தேர்வு. ஒரு ஸ்பாட்டரில் (பார்த்துப் பெயர் எழுத வேண்டிய ஸ்லைடு) ஊதா நிறத்தில் நெருக்கியடித்த செல்கள். நிணநீர்க் கணு என்று எழுதினேன், அது பாராதைராய்டாம், கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் சின்னச் சுரப்பி. புத்தகப் படத்தில் கொழுப்பு செல்களும் இளஞ்சிவப்பு ஆக்ஸிஃபில் செல்களும் இருக்கின்றன. இந்த ஸ்லைடில் இரண்டுமே இல்லை. அப்புறம் இன்னொன்று: கீழ்ப் பாராதைராய்டு கருவில் இருக்கும் மூன்றாம் தொண்டைப் பையிலிருந்தும், மேல் பாராதைராய்டு நான்காம் பையிலிருந்தும் வருகிறதாம். மூன்றாம் பை நான்காவதுக்கு மேலேதானே, இது தலைகீழாக இருக்கிறதே? மனப்பாடம் ஆகிவிட்டது, புரியத்தான் இல்லை.

பழைய டியூட்டர்

இந்தத் தப்பைச் செய்யாதவர்கள் குறைவும்மா. ஊதாவைப் பார்த்ததும் கை தானாக நிணநீர்க் கணு என்று எழுதிவிடும். நிணநீர்க் கணு என்றால் உறைக்கு உட்பக்கம் வெளிறிய சைனஸ் (நிணநீர் போகும் இடைவெளி) ஓடும், புறணியில் உருண்டை உருண்டையாக முடிச்சுகள் தெரியும். லிம்ஃபோசைட்டில் உட்கருவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. பாராதைராய்டின் முதன்மைச் செல்களான சீஃப் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வரிவரியாக நிற்கும். வரிகளுக்கு நடுவே தந்துகிகள். நாளம் இல்லாத சுரப்பி, சரக்கை நேராக ரத்தத்தில்தானே இறக்க வேண்டும்?

நீ பார்த்தது சின்ன வயது ஆளுடைய சுரப்பியாக இருக்கலாம். ஆக்ஸிஃபில் செல்கள் பருவ வயதை ஒட்டித்தான் தலைகாட்டும், கொழுப்பும் வயதோடு கூடும். புத்தகக்காரர்கள் பெரியவர்களின் ஸ்லைடையே படம் போடுகிறார்கள், அதில் எனக்கு எப்போதுமே எரிச்சல்.

ஒன்று செய். எடுத்ததும் 40 மடங்கு லென்ஸுக்குப் போகாதே. 4-லேயே ஓரம் முழுக்க ஒரு சுற்று வா. பல ஸ்லைடுகளில் பக்கத்துத் தைராய்டும் சேர்ந்தே வெட்டுப்பட்டிருக்கும், அதை வைத்தே பாராதைராய்டைப் பிடித்துவிடலாம்.

அறுவை சிகிச்சை பிஜி (முதுகலை மாணவர்)

இரண்டாவது சந்தேகத்துக்கு: மூன்றாம் பையிலிருந்து தைமஸ் என்ற நோய் எதிர்ப்பு உறுப்பும் உருவாகிறது. அது மார்புக்கு இறங்கும்போது இந்தப் பாராதைராய்டையும் கூடவே இழுத்துப் போகிறது. வழக்கமாகத் தைராய்டின் கீழ் முனை அருகே பிடி விட்டுவிடும். நான்காம் பையிலிருந்து வருவதற்குப் பயணம் குறைவு. தைராய்டின் பின்புறத்திலேயே தங்கிவிடும். முந்தியது பிந்தியதைத் தாண்டி இறங்குவதால்தான் தலைகீழ்.

எங்களுக்கு இது தேர்வோடு முடியவில்லை. போன வருடம் ஒரு நோயாளிக்கு மூன்று சுரப்பிகள் கிடைத்துவிட்டன, நான்காவதைக் காணோம். கடைசியில் தைமஸுக்குள் இருந்தது. துவரம்பருப்பு அளவுதான், பார்வைக்குக் கொழுப்புத் துண்டு மாதிரி. ஃப்ரோசன் செக்ஷன் (திசுவை உடனே உறைய வைத்து வெட்டிய சீவல்) பார்த்துப் பேத்தாலஜி டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பழைய டியூட்டர்

இந்தச் சுரப்பியை 1877-இல் முதலில் ஒரு நாயில் கவனித்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம், ஸ்வீடனின் உப்சாலாவில் அப்போது மருத்துவ மாணவர். மனிதரிடமும் பார்த்து 1880-இல் எழுதினார். உன்னைப் போல மைக்ரோஸ்கோப்போடு மல்லுக்கட்டிய பையன்தான்.

முதலாண்டு மாணவி

இன்று லேபில் கேட்டு வாங்கி மறுபடி பார்த்தேன், சார். இடது ஓரத்தில் இரண்டே இரண்டு தைராய்டு ஃபாலிகிள்கள் (உருண்டைப் பைகள்), உள்ளே ரோஜா நிறக் கொலாய்டு என்ற கூழ். நேற்று அந்தப் பக்கம் நகர்த்தவே இல்லை.