ஜூரோங்கிலிருந்து மலாக்கா: சனி, ஞாயிறு போதுமா?

ஜூரோங்_தஞ்சாவூரான்:

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு ஷிப்யார்டில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற கூட்டம் நாங்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் ஒன்றாக அமைந்துவிட்டது. வழக்கமாக ஓய்வு நாளென்றால் தேக்கா, முஸ்தஃபா, ஊருக்குப் பணம் அனுப்புகிற வரிசை, அவ்வளவுதான். இந்தத் தடவை எல்லை தாண்டி மலேசியாவில் இருக்கிற மலாக்கா போய் ஓர் இரவு தங்கி வரலாம் என்று பேசி முடித்துவிட்டோம்.

சிக்கல் என்னவென்றால் நாங்கள் இருவரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. அவன் தூத்துக்குடிக்காரன். யூடியூப் பார்த்து ஒரு முழ நீளத்துக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறான். ஒவ்வோர் இடத்துக்கும் நிமிடக் கணக்கு வேறு. நான் போன இடத்தில் உட்கார்ந்து நாலு மனிதரைப் பார்த்து, நல்லதாகச் சாப்பிட்டால் போதும் என்கிற ஆள். அதோடு அவன் சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டான். மலாக்கா என்றாலே எல்லோரும் கோழிச்சோற்று உருண்டையைத்தான் சொல்கிறார்கள். அவனை எங்கே கூட்டிப்போய்ச் சோறு போடுவது?

வெள்ளி இரவே நேரடி பஸ் பிடிப்பதா, சனி காலையில் போவதா? எல்லையைக் கடப்பது துவாஸ் வழியாகவா, உட்லண்ட்ஸ் வழியாகவா? அங்கே உண்மையிலேயே பார்த்தாக வேண்டியது எது? செட்டி கிராமம் என்று ஒன்று இருக்கிறதாமே, வெளியாட்கள் போகலாமா? இந்தியப் பாஸ்போர்ட், எஸ் பாஸ் என்கிற சிங்கப்பூர் வேலை அனுமதி. விசா எடுக்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ்_பழசு:

தம்பி, முதலில் காகித விஷயத்தை முடித்துவிடுவோம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா கேட்பதில்லை. கிளம்பும் முன் குடிநுழைவுத் துறை இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், சலுகையைக் காலம் குறித்துத்தான் நீட்டிக்கொண்டே வருகிறார்கள். எம்.டி.ஏ.சி. என்கிற டிஜிட்டல் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவும் அரசாங்கத் தளம் இல்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சமிருக்கிறதா என்று இருவரும் பாருங்கள். உங்கள் பாஸ் அட்டையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வாரக் கடைசியில் நேரடி பஸ் வேண்டாம். ஜூரோங்கில் இருப்பதால் துவாஸ் வழியாகப் போகிற வண்டிதான் வசதி என்று தோன்றும். ஆனால் இரண்டு பக்கமும் மூட்டை முடிச்சோடு இறங்கி ஏற வேண்டும், மலேசியப் பக்கம் வரிசை நீண்டுவிட்டால் டிரைவர் கொஞ்ச நேரம் பார்ப்பார், அப்புறம் கிளம்பிவிடுவார். ஒரு பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை எங்களையும் ஒரு வண்டி இப்படித்தான் விட்டுவிட்டுப் போனது. கைரேகை வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வெளியே வந்தால் வண்டி நின்ற இடம் காலி. அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால், டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள்.

அதனால் நான் சொல்வது, கிராஞ்சி எம்.ஆர்.டி. ரயில் நிலையம் போய் 170ஆம் எண் பஸ். உட்லண்ட்ஸில் இறங்கிச் சோதனையை முடித்துவிட்டு அடுத்து வருகிற எந்த 170இலும் ஏறலாம். ஜோகூர் பாருவிலும் அதே கதைதான். யாரும் உங்களை விட்டுவிட்டுப் போக முடியாது, ஏனென்றால் யாரும் உங்களுக்காகக் காத்திருக்கவே இல்லை. அது லார்கின் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மலாக்கா சென்ட்ரலுக்கு நாள் முழுக்க வண்டி உண்டு, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டும் ரிங்கிட் கணக்கு, சிங்கப்பூர் வெள்ளி கணக்கு இல்லை. சனிக்கிழமை முதல் ரயிலுக்கே கிளம்புங்கள். விடிந்து வெயில் ஏறிய பிறகு உட்லண்ட்ஸையும் ஜோகூர் பாருவையும் இணைக்கிற காஸ்வே பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

இன்னொன்று, மலாக்கா சென்ட்ரல் என்ற பெயரைப் பார்த்து ஊருக்கு நடுவில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய நகரம் அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர். இருவர் என்றால் கிராப் செயலியில் டாக்சி போட்டுவிடுவதே மேல்.

பார்க்க வேண்டிய இடம் பற்றி: உங்கள் நண்பரின் பட்டியல் அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். அந்த ஊரை 1511இல் போர்ச்சுக்கீசியர் பிடித்தார்கள், 1641இல் டச்சுக்காரர், 1824இல் ஒப்பந்தம் போட்டு ஆங்கிலேயர். மூன்று பேரும் கட்டியதும் இடித்ததும் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்துக்குள் கிடக்கின்றன. சிவப்புக் கட்டடங்கள் இருக்கிற டச்சுச் சதுக்கத்தில்தான் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். 1753இல் கட்டி முடித்த கிறைஸ்ட் சர்ச் அங்கேதான். எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அங்கே நிற்கிற பூப்போட்ட, பாட்டு அலறுகிற டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்ஷாக்களில் ஏற வேண்டாம், காது போய்விடும்.

உங்கள் தூத்துக்குடி நண்பரைக் கட்டாயம் செயின்ட் பால் குன்றுக்குக் கூட்டிப்போங்கள். மேலே கூரையில்லாத ஒரு பழைய தேவாலயம், 1521இல் போர்ச்சுக்கீசியர் எழுப்பியது. முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர் ஊராக நடந்த சவேரியார் 1545இல் மலாக்காவுக்கு வந்தார். 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்த பிறகு, உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகும் வழியில் 1553இல் மாதக்கணக்கில் வைத்திருந்தது இந்தக் கோயிலுக்குள்தான். அந்தக் குழியைக் கம்பி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். வெளியே அவருடைய வெள்ளைச் சிலை நிற்கிறது, வலது கை இல்லை. மரம் விழுந்து உடைந்ததாம். உள்ளே சுவரோரமாக ஆள் உயர டச்சுக் கல்லறைக் கற்களைச் சாய்த்து வைத்திருப்பார்கள். கப்பல், மண்டை ஓடு, குடும்பச் சின்னம் எல்லாம் செதுக்கியிருக்கும். ஷிப்யார்டு ஆள் நீங்கள், அந்தக் கப்பல்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள்.

மலாக்காக்காரி:

நான் அந்த ஊரில் பிறந்தவள், கல்யாணம் ஆகிச் சிரம்பானில் இருக்கிறேன். மேலே எழுதிய அண்ணன் எல்லாம் சரியாகச் சொன்னார், டிரைஷாவைத் தவிர. ஒரு வண்டியை மிதிக்கிற வயசான அங்கிளுக்கு அதுதான் பிழைப்பு. ஏறும் முன் விலை பேசிவிட்டு, பாட்டை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள். நீங்களே சொல்லிப் பாருங்கள்.

சனிக்கிழமைச் சோற்றுக்குக் கவலையே வேண்டாம். டச்சுச் சதுக்கத்திலிருந்து ஜாலான் தெமெங்கோங், ஜாலான் பெண்டஹாரா பக்கம் நடந்தால் நம் ஆட்களின் கடைகள். வாழையிலைச் சோறு, மூன்று காய், ரசம், அப்பளம் எல்லாம் கிடைக்கும். மதியம் இரண்டு மணிக்குள் போய்விடுங்கள். சைவம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கேட்காமலே மீன் குழம்பை ஊற்றிவிடுவார்கள். நடுவில் வெயிலுக்குச் செண்டோல் என்கிற தேங்காய்ப்பால் ஐஸ் குடியுங்கள். எங்கள் ஊரில் கூலா மலாக்கா என்கிற பனைவெல்லப் பாகைத் தாராளமாக ஊற்றுவார்கள், பாதிக் கிண்ணம் கறுப்பாகத்தான் வரும். கோழிச்சோற்று உருண்டை ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகட்டும். அதற்காக நீண்ட வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து நாங்கள் உள்ளூர்க்காரர்கள் சிரிப்போம்.

எனக்குப் பிடித்தது ஜாலான் துக்காங் எமாஸ். ஒரே தெருதான். 1748இல் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், கோபுரம் சீனப் பகோடா மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், கூரையும் மூன்றடுக்கு. அதே வரிசையில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், 1781. டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் மலாக்கா செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டி எழுப்பியது. தெரு அப்படியே நீண்டு ஜாலான் தோக்கோங் ஆகும் இடத்தில் செங் ஹூன் தெங், 17ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயில். விநாயகர் கோயிலில் ஊர்க் கோயில் மாதிரி ராஜகோபுரத்தை எதிர்பார்க்காதீர்கள், அது கடைவீட்டு வரிசையில் அடக்கமாக இருக்கும். காலையில் போனால் அர்ச்சனை மணி ஒரு பக்கம், ஊதுபத்திப் புகை இன்னொரு பக்கம், நடுவில் பள்ளிவாசல் முற்றத்தில் கால் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம். போட்டோவுக்காக அவசரப்படாமல் அரை மணி நேரம் அந்தத் தெருவில் நில்லுங்கள். சாயந்தரம் பக்கத்து ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை, வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும். சனிக்கிழமை அங்கே நடக்க முடியாது, நகர மட்டும்தான் முடியும்.

செட்டி கிராமம் காஜா பெராங் சாலையில் இருக்கிறது, கிராப்பில் பத்து நிமிடம். சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கிய தமிழர் வழி வந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் கட்டுவது சாரோங் கெபாயா என்கிற மலாய் உடை. கும்பிடுவது சிவனையும் மாரியம்மனையும், பெயரோடு பிள்ளை, படையாச்சி என்றெல்லாம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். பொங்கலுக்கு முதல் நாள் போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுவார்கள். அங்கே 1822இல் கட்டிய முத்து மாரியம்மன் கோயில் உண்டு, ஒரு சின்ன அருங்காட்சியகமும் உண்டு. பொய்யாத விநாயகர் கோயிலும் இவர்களுடையதுதான், நிர்வாகம் மட்டும் நகரத்தார் கையில். என்னோடு படித்த ஒரு செட்டிப் பெண் தேவாரத்தை மலாய் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவாள். உச்சரிப்பில் எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைத் தோற்கடித்தவள் அவள்.

போகலாம், ஆனால் அது மக்கள் குடியிருக்கிற இடம். திண்ணையில் இருப்பவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

செம்பவாங்_சேகர்:

170 ஆலோசனையெல்லாம் சரி, ஆனால் ஆறு நாள் ஷிப்யார்டில் நின்ற கால் இது. முதல் ரயில், இரண்டு பஸ், இரண்டு வரிசை, அப்புறம் ஊர் சுற்றல் என்றால் சனிக்கிழமை மதியமே இருவருக்கும் சண்டை வந்துவிடும். நானாக இருந்தால் வெள்ளி ராத்திரி வேலை முடிந்து ஜேபி (ஜோகூர் பாரு) வரை மட்டும் போய், அங்கே மலிவாக ஓர் அறை எடுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் லார்கின் போவேன். அறை வாடகைக்கு மேல் வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கேட்பார்கள், அது ஏமாற்று இல்லை, சட்டப்படி உள்ளது.

உட்லண்ட்ஸ்_பழசு:

சேகர் சொல்வது நல்ல யோசனை. ஆனால் வெள்ளி சாயந்தரம் ஜேபிக்காரர்கள் எல்லோரும் வீடு திரும்புகிற நேரம், ஒன்பது மணிக்கு முன்னால் உட்லண்ட்ஸ் பக்கம் போகாதீர்கள். சாப்பிட்டுக் குளித்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் கிளம்புங்கள்.

ஜூரோங்_தஞ்சாவூரான்:

அனைவருக்கும் நன்றி. பட்டியலை இரண்டாக வெட்டிவிட்டோம். சனி மதியம் வாழையிலை, குன்று, சாயந்தரம் ஜோங்கர். ஞாயிறு காலை துக்காங் எமாஸ் தெரு, பிறகு செட்டி கிராமம். சவேரியார் விஷயத்தைப் படித்ததும் அவன் ஊரில் அம்மாவுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டான். ஆற்றுப் படகை விடமாட்டேன் என்கிறான், சரி என்றுவிட்டேன். கடைசியாக ஒன்று: திங்கள் காலை ஏழரைக்கு யார்டில் நிற்க வேண்டும். ஞாயிறு எத்தனை மணிக்கு மலாக்காவை விட்டுக் கிளம்புவது?

மலாக்காக்காரி:

படகு இரவில் போங்கள், பகலில் வெயில்தான் மிச்சம்.

உட்லண்ட்ஸ்_பழசு:

ஞாயிறு மதியம் ஒரு மணி பஸ். சாப்பாட்டை முடித்துவிட்டு ஏறுங்கள். டிக்கெட்டைச் சனிக்கிழமை மலாக்கா சென்ட்ரலில் இறங்கியதுமே வாங்கிவிடுங்கள், ஞாயிறு போய்க் கேட்டால் இரவு வண்டிதான் கிடைக்கும். நாலு, ஐந்து மணிக்குள் ஜேபி சோதனைச் சாவடியில் இருந்தால் வரிசை பொறுத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். ஆறு மணிக்கு மேல் போனால் கூட்டம் படிக்கட்டு வரை வரும். கோழிச்சோற்று உருண்டைக் கடையில் வரிசை நீளமாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள், பஸ்ஸை விடாதீர்கள்.