கோயில் படத் தளம்: தேடினால் பாதிப் படம்தான் வருகிறது, திரைவாசிப்பான் பேசவே இல்லை

கரகம் (யாங்கோன்):
வணக்கம். பர்மாவில் உள்ள தமிழ்க் கோயில்களின் திருவிழாப் படங்களை யார் வேண்டுமானாலும் ஏற்றும்படி ஒரு தளம் நடத்துகிறோம். நிரல் பிஎச்பி, தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் 8. குறிப்புகள் தமிழிலும் பர்மியத்திலும் கலந்து வரும்.

"கோயில்" என்று தேடினால் பாதிப் படம்தான் வருகிறது. வராத படத்தைத் திறந்தால் அதே "கோயில்" கண்ணெதிரே இருக்கிறது. பழைய பர்மியக் குறிப்புகளோ தேடலில் சிக்குவதே இல்லை, சில போன்களில் எழுத்தும் உடைந்து தெரிகிறது. பார்வையற்ற வாசகர் ஒருவர் என்விடிஏவில் (திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான்) பட வரிசைக்குப் போனால் ஒன்றுமே கேட்கவில்லை என்கிறார். கூகிள் படத் தேடலிலும் எங்கள் படம் தலைகாட்டுவதில்லை. சிறுபடங்களை சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நிரல்) பின்னணிப் படமாகப் போட்டிருக்கிறோம். அதுதான் காரணமா?

வெண்திரை:
கடைசி இரண்டுக்கும் அதுவேதான் காரணம் தம்பி. சிஎஸ்எஸ் பின்னணிப் படத்தை கூகிள் படமாகச் சேர்க்காது, திரைவாசிப்பானுக்கும் அங்கே படம் இருப்பதே தெரியாது. சாதாரண இமேஜ் டேக்குக்கு (பக்கத்தில் படம் வைக்கும் எச்டிஎம்எல் குறி) மாற்றுங்கள், அகலம் உயரம் இரண்டையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் படம் இறங்க இறங்கப் பக்கம் குதிக்கும். சிறுபடத்துக்கு 480 பிக்சல் அகலம் போதும், 960, 1600 அளவுகளை எஸ்ஆர்சி‑செட்டில் (திரைக்கு ஏற்ற அளவை உலாவி தேர்ந்தெடுக்கும் பட்டியல்) கொடுங்கள். லேசி லோடிங் (வாசகர் நெருங்கும்போது மட்டும் படத்தை இறக்குவது) கீழே உள்ள படங்களுக்கு மட்டும். திரையில் முதலில் தெரியும் படத்துக்குப் போட்டால் அதுவே தாமதமாகும்.

இமேஜ் சைட்மேப்பில் (தளத்தின் படங்களை கூகிளுக்குச் சொல்லும் பட்டியல்) தலைப்பு, இடம், உரிமம் என்று நிரப்ப மெனக்கெட வேண்டாம். அந்தக் குறிகளை கூகிள் 2022‑இல் கைவிட்டுவிட்டது, படத்தின் முகவரி மட்டும் போதும்.

மோல்மேன்காரன்:
"கோயில்" விஷயம் எழுத்துக்குள்ளே இருக்கிறது. "கோ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க‑வும் ஓகாரக் குறி ஒன்றும், அல்லது க‑வோடு இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், தரவுத்தளத்தில் வேறு வேறு. பழைய கீபோர்டு சில இரண்டாவது விதத்தில் அனுப்பும். பிஎச்பியின் இன்டில் நீட்சியில் நார்மலைசர் (எழுத்தை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் கருவி) உண்டு. குறிப்பைச் சேமிக்கும்போதும் தேடுசொல்லை வாங்கும்போதும் என்எஃப்சி (குறிகளைச் சேர்த்து ஒன்றாக வைக்கும்) வடிவுக்கு மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பலன் இல்லை.

ஆனால் என்எஃப்சி தொடாத ஒன்று இருக்கிறது. "மௌல்மெயின்" என்ற ஊர்ப்பெயரைப் பாதிப் பேர் கொம்பும் ளகரமும் போட்டு "மெளல்மெயின்" என்று அடிக்கிறார்கள். கண்ணுக்குப் பிடிபடாது. திரைவாசிப்பானோ "மெ‑ள" என்று பிரித்துப் படித்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றவும் கூடாது. "வெள்ளி", "தெளிவு", "மெள்ள" எல்லாம் நாசமாகிவிடும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடங்களை மட்டும் பட்டியலாக எடுத்து, ஒருவர் பார்த்து ஒப்புதல் தரட்டும்.

செந்தாமரை:
பர்மியப் பக்கம் நான் சொல்கிறேன். உடைந்து தெரிவது சாவ்ஜி. யூனிகோட் பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்ட எழுத்துரு அது. இடப்பக்கம் நிற்கும் ஏகாரக் கொம்பைப் பாருங்கள், யூனிகோட் எண் 1031. நம் கொம்பைப் போலவே, யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்க வேண்டும். சாவ்ஜி அதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே முன்னால் வைக்கும். நாடு முறைப்படி யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1. அதற்கு முந்திய குறிப்புகளில் சாவ்ஜி நிறையவே இருக்கும், பிந்தியவற்றிலும் இல்லாமல் போகாது. ஆகவே தேதியை வைத்துப் பிரிக்காதீர்கள்.

கூகிளின் மியன்மார் டூல்ஸ் கட்டற்ற நிரல், பிஎச்பிக்கும் உண்டு. ஒவ்வொரு குறிப்புக்கும் சாவ்ஜியாக இருக்கும் வாய்ப்பை 0 முதல் 1 வரை சொல்லும். 0.95‑க்கு மேல் என்றால் மாற்றுங்கள், 0.05‑க்குக் கீழ் என்றால் விட்டுவிடுங்கள், நடுவில் நிற்பதை ஆள் பார்க்கட்டும். பர்மிய எழுத்தே இல்லாத குறிப்புக்கு எதிர்ம முடிவிலி (மைனஸ் இன்ஃபினிட்டி) வரும், அதைப் பிழை என்று எண்ண வேண்டாம். மாற்றுவதற்கு இன்டில் நீட்சியின் டிரான்ஸ்லிட்டரேட்டரில் (எழுத்துமாற்றி) சாவ்ஜி விதி இருக்கிறது. மூல உரையைத் தனி நெடுவரிசையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஏற்கெனவே யூனிகோடாக இருப்பதை இன்னொரு முறை மாற்றினால் மீட்க வழி கிடையாது.

பர்மியத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடமாட்டார்கள், அதனால் முழுஉரைக் குறியீட்டை (தேடலுக்கான அட்டவணை) என்கிராம் பார்ஸரோடு (உரையைச் சிறு எழுத்துத் துண்டுகளாக வெட்டுவது) புதிதாகக் கட்டுங்கள். துண்டின் இயல்பு அளவு 2. தேடலை பூலியன் முறையில் (துண்டுகள் எல்லாம் அதே வரிசையில் பொருந்த வேண்டும்) வையுங்கள். இயல்மொழி முறையில் ஈரெழுத்துத் துண்டு எது பொருந்தினாலும் குப்பை கொட்டும். "கோயிலில்", "கோயிலுக்கு" எல்லாம் வர வேண்டுமானால் தேடுசொல்லின் கடைசிப் புள்ளியை நீக்கி "கோயில" என்று தேடுங்கள், புள்ளியோடு தேடினால் அவை பொருந்தாது.

கரகம்:
நன்றி அண்ணே, அக்கா. இமேஜ் டேக் மாற்றியாகிவிட்டது. இப்போது என்விடிஏ கோப்புப் பெயரை நீட்டி முழக்குகிறது. ஆல்ட்டில் (படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரை) படக்குறிப்பையே போட்டுவிடலாமா?

வெண்திரை:
வேண்டாம், ஒரே வாக்கியம் இரண்டு தடவை கேட்கும். குறிப்பு "பங்குனி உத்திரம், பீலிக்கான்" என்றால் ஆல்ட் கண்ணில் படுவதைச் சொல்லட்டும்: "மஞ்சள் சேலை கட்டிய பெண் தலையில் கரகத்தோடு தீக்குழியில் இறங்குகிறார்". "புகைப்படம்" என்று தொடங்காதீர்கள், படம் என்பதை வாசிப்பானே சொல்லிவிடும். சிறுபடம் இணைப்பாக இருப்பதால் ஆல்ட்டை வெறுமையாகவும் விட முடியாது, விட்டால் இணைப்புக்குப் பெயரே இருக்காது. ஏற்றும் படிவத்தில் "படத்தில் என்ன தெரிகிறது?" என்று ஒரு பெட்டி வைத்தால் மக்கள் எழுதுவார்கள். "மாற்று உரை" என்று தலைப்பு போட்டால் எவரும் தொடமாட்டார்.

பக்கத்துக்கு லாங் பண்பு (மொழி எது என்று சொல்லும் குறி) தமிழ் என்று இருந்தாலும் பர்மியக் குறிப்பைச் சுற்றித் தனியாக பர்மியம் என்று குறியுங்கள். என்விடிஏ அதைப் பார்த்துத்தான் குரலை மாற்றும். அதோடு வரும் ஈஸ்பீக் பேச்சுப்பொறியில் இரண்டு மொழியும் உண்டு. பர்மியக் குரல் கேட்க அவ்வளவு இனிமையில்லைதான்.

மோல்மேன்காரன்:
ஊர்ப்பெயர் குறிச்சொல்லுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ரங்கூன், யாங்கோன், யங்கோன் மூன்றும் ஒரே இட எண்ணுக்குப் போகட்டும். பெகுவும் பகோவும் அப்படியே. மாற்றுப் பெயருக்குத் தனிப் பக்கம் திறக்காமல், முதன்மைப் பக்கத்துக்கு 301 (நிரந்தரமாகத் திருப்பிவிடும் குறி) கொடுத்து அனுப்புங்கள். ஏற்றுபவர் அடித்த பெயரைப் படத்தின் கீழே அப்படியே காட்டுங்கள். ரங்கூன் என்றே சொல்லிப் பழகிய பெரியவர்களின் பெயரைத் திருத்தினால் கோபம் வரும்.

செந்தாமரை:
இன்னொன்று. ஏற்றும்போதே எக்ஸிஃபில் (படக்கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் தகவல்) உள்ள ஜிபிஎஸ் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள், வீட்டுப் பூசைப் படமும் வருமே. நீக்குவதற்கு முன் ஓரியன்டேஷன் (படத்தின் மேல்பக்கம் எது என்னும்) குறியைப் படித்துப் படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நட்டுக்குத்தாக எடுத்த தேர்ப் படமெல்லாம் படுத்துக் கிடக்கும்.