இரண்டு ரிசீவர் பேட்டரியில் ஒன்று மட்டும் தீர்கிறது, ஏன்?

கேள்வி:
50 சிசி பெட்ரோல் இன்ஜின் வைத்த ரேடியோ கன்ட்ரோல் மாடல் விமானம். ரிசீவருக்கு (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி) 2 செல் லைஃபே (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி இரண்டு, ஒவ்வொன்றும் 2100 எம்ஏஎச். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச், ரிசீவரில் தனித்தனி போர்ட். இன்ஜின் ஸ்பார்க்குக்கான இக்னிஷன் பேட்டரி வேறு. பறந்துவிட்டு வந்து சார்ஜ் போட்டால் ஒரு பேக் 400 எம்ஏஎச் வாங்குகிறது, மற்றது 100-ஐத் தாண்டுவதில்லை. சும்மா வைத்து அளந்தால் இரண்டும் ஒரே வோல்ட்தான். இப்படியே பறக்கலாமா? நடுவில் டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) போட்டால் சரியாகுமா?

பதில் 1:
பறக்க வேண்டாம், முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். லைஃபே பேட்டரியின் வோல்ட் கிட்டத்தட்ட தீரும் வரை ஒரே மட்டத்தில் நிற்கும், அதனால் இரண்டு பாதைகளில் எதில் ரெசிஸ்டன்ஸ் குறைவோ அதன் வழியாகவே பெரும்பங்கு கரண்ட் போகும். கொஞ்சம் வித்தியாசம் இருப்பது இயல்பு. நாலுக்கு ஒன்று என்பது இயல்பில்லை. பேக்குகளை மட்டும் இடம் மாற்றி ஒரு தடவை இன்ஜின் ஓட்டாமல் தரையிலேயே ரிமோட்டின் ஸ்டிக்கை நன்றாக ஆட்டிப் பாருங்கள். குறைவாகக் கொடுப்பது பேக்கோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு பேக்கில், அதே பக்கம் நின்றால் சுவிட்சிலோ ஒயரிலோ பிளக்கிலோ.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அப்புறம், லோடு இல்லாமல் அளந்த வோல்ட்டை நம்பவே கூடாது. 3.3 ஓம், 20 வாட் ரெசிஸ்டர் ஒன்றை சர்வோ (விமானத்தின் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்) பிளக்கில் சாலிடர் செய்து, காலியாக இருக்கும் போர்ட்டில் செருகுங்கள், சுமார் 2 ஆம்ப் இழுக்கும். ஒரு சுவிட்சை மட்டும் ஆன் செய்து இன்னொரு காலி போர்ட்டில் மல்டிமீட்டரை வைத்து சில நொடிகள் பாருங்கள், பிறகு அடுத்ததை. ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. இரண்டும் ஆன் நிலையில் இருந்தால் டெலிமெட்ரி (விமானத்திலிருந்து ரிமோட் திரைக்கு வரும் அளவுகள்) ரிசீவருக்கு வந்து சேரும் வோல்ட்டை மட்டும்தான் காட்டும், ஒரு பக்கம் முழுக்க செத்திருந்தாலும் திரையில் எல்லாம் நன்றாகவே தெரியும். அதனால் ஒவ்வொரு முறை பறக்கும் முன்னும் ஒரு சுவிட்சை அணைத்து எல்லா சர்வோவையும் ஆட்டிப் பார்க்க வேண்டும், பிறகு அதை ஆன் செய்து மற்றதை அணைத்து அதே மாதிரி. இதைச் செய்யாவிட்டால் இரண்டாவது பேட்டரி வெறும் எடைதான்.

டயோடு இந்தக் கோளாறைத் தீர்க்காது. ஒரு பேக்கில் செல் ஷார்ட் ஆனால் மற்ற பேக் அதற்குள் காலியாகாமல் தடுக்கத்தான் அது. வோல்ட்டைக் குறைவாக இழக்கும் ஷாட்கி டயோடு என்றாலும் 0.3 முதல் 0.5 வோல்ட் வரை குறையும். லைஃபேக்குத் தாங்கும், 4 செல் நிக்கல் பேட்டரியில் போடாதீர்கள். என் கணக்கில் செல் ஷார்ட்டைவிட சுவிட்சும் பிளக்கும்தான் அதிகம் கைவிடும், அதிலும் பெட்ரோல் இன்ஜின் அதிர்வில்.

கேட்டவர்:
நன்றி. பேக்கை மாற்றியும் அதே பக்கம்தான் குறைவாகக் கொடுத்தது. ரெசிஸ்டர் போட்டதும் ஒரு பக்கம் 6.4 வோல்ட், மற்றது 5.8. பேக்கை சுவிட்ச் இல்லாமல் நேராகச் செருகினால் அந்தப் பக்கமும் 6.4-க்கு வந்துவிட்டது. ஸ்லைடு சுவிட்சைப் பிரித்தேன், உள்ளே தகடு கறுத்துப் போயிருக்கிறது. இரண்டையுமே மாற்றப் போகிறேன். எலக்ட்ரானிக் சுவிட்ச் போடலாமா?

பதில் 2:
போடலாம். சுவிட்சின் ஒயர் அறுந்தாலும் ஆன் நிலையிலேயே நிற்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டியதும் அதே ரெசிஸ்டர் சோதனையை இரண்டு பக்கமும் செய்யுங்கள்.