டேஷ்கேம் இருந்தும் இடித்த கிளிப் மட்டும் காணோம் (ஊட்டி சேரிங் கிராஸ்), யாராவது வழி சொல்லுங்கள்

கேத்திக்காரன்:
வணக்கம். நேற்று சாயங்காலம் சேரிங் கிராஸில் ஒரு கார் என் வண்டியின் வலது முன்பக்கத்தில் இடித்துவிட்டது. நான் ஏற்கெனவே ரவுண்டானாவுக்குள் இருக்கிறேன், ஆடம்ஸ் நீரூற்று எனக்கு வலக்கைப் பக்கம், கமர்சியல் ரோட்டுக்குப் போகிற வேகம்தான். எதிரே வந்தவர் சுற்றி வரச் சோம்பல்பட்டு நீரூற்றின் தப்பான பக்கமாக வெட்டி நேராக என் முன்னால் வந்து நின்றார். பம்பர் பிளந்து ஹெட்லைட் உடைந்தது. இறங்கி வந்தவர், 'நீங்கதான் வந்து இடிச்சீங்க' என்கிறார். கேமரா இருக்கிறது என்றதும் குரல் கொஞ்சம் இறங்கியது, அப்புறம் கிளம்பிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கார்டைப் போட்டுப் பார்த்தால் காலையில் கேத்தியிலிருந்து ஊட்டி வந்தது எல்லாம் தெளிவாக இருக்கிறது, சாயங்கால ஃபைல் ஒன்றுகூட இல்லை. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததை நானே பார்த்தேன். விலை குறைந்த மாடல், ஜிபிஎஸ் கிடையாது, வாங்கிக் கொஞ்ச காலம் ஆகிறது. 64 ஜிபி கார்டு. மீட்க முடியுமா? கிடைத்தால் போலீஸ், இன்சூரன்ஸ் எதற்காவது உதவுமா?

பர்லியார் பலா:
முதல் வேலை, அந்தக் கார்டைத் திரும்பக் கேமராவில் போடாதீர்கள். லூப் ரெக்கார்டிங் என்பதால் ஓட ஓடப் பழையதன் மேல் எழுதிவிடும். வேறு கார்டு போட்டு ஓட்டுங்கள்.

எனக்கு ஜி சென்சார் மேல்தான் சந்தேகம். நம் ரோட்டில் ஒவ்வொரு குழியையும் ஸ்பீட் பிரேக்கரையும் அது விபத்து என்று நினைத்து ஃபைலைப் பூட்டி வைக்கும். பூட்டிய ஃபைலை லூப் அழிக்காது. கார்டு முழுக்கப் பூட்டிய ஃபைலானால் சில கேமரா பதிவதையே நிறுத்திவிடும். மேட்டுப்பாளையம் ஏறும் 14 கொண்டை ஊசியில் எனக்கே அப்படி ஆனது, சென்சாரை 'லோ'வில் வைத்தபின் தொல்லை இல்லை.

கல்லட்டி36:
பலா அண்ணா சொல்வதும் நடக்கிற விஷயம்தான், ஆனால் காலை ஃபைல் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே? ஒன்று கேட்கிறேன் நண்பரே. ஃபைல்களைத் தேதி வாரியாக அடுக்கித்தானே பார்த்தீர்கள்? அப்படியே பட்டியலின் மறுகோடிக்குப் போய், 2019 மாதிரி ஏதாவது பழைய தேதி போட்ட ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள்.

காரணம் இது. விலை குறைந்த கேமராவுக்குள் சின்ன லித்தியம் பேட்டரி ஒன்று இருக்கும். வண்டி நிற்கும்போது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்தும், நம் ஊர் டிசம்பர் உறைபனியில் விறைத்தும் கொஞ்ச காலத்தில் செத்துவிடும். அதன் பின் என்ஜினை அணைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து எடுத்தால் தேதி தொழிற்சாலைத் தேதிக்குப் போய்விடும். போனில் கேமராவின் ஆப்பைத் திறந்தால் நேரம் சரியாகும், அதனால் நமக்குத் தெரியவே தெரியாது. காலையில் ஆப் திறந்தீர்களா?

கேத்திக்காரன்:
அட, ஆமாம்! காலையில் பழைய கிளிப் ஒன்றை எடுக்க ஆப் திறந்தேன். கார்டில் 2019 ஜனவரி 1 என்று ஃபைல்கள் இருக்கின்றன, அதில் சாயங்கால மழை, மூடுபனி, சேரிங் கிராஸ் நெருங்குவது வரை தெரிகிறது. கடைசி ஃபைல் மட்டும் எதிலும் திறக்கவில்லை. அளவு 180 எம்பி காட்டுகிறது, போனிலும் லேப்டாப்பிலும் பிழை என்கிறது. இடித்த உடனே சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன், அதனாலா?

கல்லட்டி36:
அதனால்தான், அதே செத்த பேட்டரியின் இரண்டாவது வேலை. எம்பி4 ஃபைலில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பெரும்பாலான கேமராக்கள் கடைசியில்தான் எழுதும். மின்சாரம் போனதும் அதை எழுதி முடிக்கிற அளவுக்காவது உள்ளே சார்ஜ் வேண்டும். அது இல்லாததால் படம் இருக்கிறது, அட்டவணை இல்லை. 180 எம்பி காட்டுவதே நல்ல சேதி.

கார்டை அப்படியே முழுசாக லேப்டாப்பில் ஒரு பிரதி எடுங்கள். 'அன்ட்ரங்க்' என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. அதே கேமராவில், அதே ரெசல்யூஷனில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் உடைந்ததற்கு அட்டவணை கட்டித் தரும். பிரதியின் மேல்தான் வேலை செய்ய வேண்டும், கார்டின் மேல் கை வைக்காதீர்கள்.

லவ்டேல் வாசி:
வீடியோ கிடைத்தால் நம்பர் தெரிகிற மாதிரி வாட்ஸ்அப் குரூப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போடுங்கள் சார். சீசன் வந்தால் வெளியூர் வண்டிகளுக்கு ரவுண்டானா என்றால் என்னவென்றே தெரிவதில்லை. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்து வருகிறவர்களுக்கு, அந்தப் பாஸோடு நாலு வரி ரோடு விதியும் சேர்த்து அனுப்பலாம்.

அரவேணு அக்கா:
வெளியூர்க்காரர் மட்டுமா? பள்ளிக்கூட நேரத்தில் அங்கே நின்று பாருங்கள் தம்பி, நம் ஊர் ஆட்டோவும் ஜீப்பும் பண்ணாத வேலையா. ஃபேஸ்புக்கில் போடுவது வேண்டாம். புகார் கொடுக்கும் முன் ஊர் முழுக்கச் சுற்றினால் எதிராளி 'வெட்டி ஒட்டிய வீடியோ' என்பார், நாமே ஏன் அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும்.

நான் வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறேன், அந்த அளவில் சொல்கிறேன். ரவுண்டானாவுக்குள் இருக்கிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, நுழைகிறவர் வழிவிட வேண்டும். 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளில் இருக்கிறது. மலை ரோட்டில் இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு ஒதுங்க வேண்டும் என்பதும் அதில் உண்டு, அதையும் யாரும் மதிப்பதில்லை. எதிர்த் திசையில் ஓட்டுவது, சிக்னலில் சிவப்பைத் தாண்டுவது இரண்டையுமே மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் 184-வது பிரிவில் ஆபத்தான ஓட்டுதல் என்று சேர்த்திருக்கிறது, முதல் தடவைக்குச் சட்டத்தில் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடம் உண்டு.

வீடியோவைக் கோர்ட்டில் காட்டுகிற நிலை வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதில் ஃபைலின் ஹேஷ் மதிப்பும் (ஃபைல் துளி மாறினாலும் மாறிவிடும் கைரேகை மாதிரியான எண்) கேட்கப்படும். அதனால் மூலக் கார்டை உறையில் போட்டு எடுத்து வையுங்கள். உடைந்த ஃபைல், சரிசெய்த ஃபைல் இரண்டும் வேண்டும். தேதி 2019 என்று இருப்பதைப் புகாரிலேயே காரணத்தோடு எழுதிவிடுங்கள், பிறகு அவர்கள் கண்டுபிடித்துக் கேட்டால் சங்கடம். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் வராதீர்கள். பக்கத்துக் கடைகளின் சிசிடிவியையும் சீக்கிரம் கேளுங்கள், அதுவும் லூப்தான். வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், சும்மா அனுப்பினால் நசுங்கி நம்பரே போய்விடும்.

கேத்திக்காரன்:
அக்கா, கல்லட்டி அண்ணா, ரொம்ப நன்றி. அன்ட்ரங்க் வேலை செய்தது! சத்தம் கொஞ்சம் விட்டு விட்டு வருகிறது, படம் முழுசாக இருக்கிறது, நான் உள்ளே இருப்பதும் அவர் வெட்டி வருவதும் சந்தேகமில்லாமல் தெரிகிறது. ஆனால் நம்பர் பிளேட் வெள்ளைக் கட்டியாக இருக்கிறது. அவர் ஹெட்லைட், மழை, பிளேட்டின் பளபளப்பு எல்லாம் சேர்ந்து.

பர்லியார் பலா:
விஎல்சியில் திறந்து நிறுத்திவிட்டு கீபோர்டில் ஆங்கில 'E' எழுத்தை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாகப் போங்கள். இடித்து இரண்டு வண்டியும் நிற்கிற கணத்தில், அவர் விளக்கு உங்கள் பம்பருக்குக் கீழே மறையும்போது பிளேட் தெரிய வாய்ப்பு அதிகம். இனிமேல் ராத்திரிக்கு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி குறைத்து வையுங்கள், கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் சிபிஎல் ஃபில்டர் போட்டிருந்தால் இருட்டியதும் கழற்றிவிடுங்கள். இதெல்லாம் விட எளிய வழி, மைக் ஆனில் இருக்கட்டும், நம்பரை வாய்விட்டுப் படியுங்கள். மூடுபனியில் கேமராவை விட நம் கண் தேவலை.

கேத்திக்காரன்:
கிடைத்தது அண்ணா. நாலைந்து ஃப்ரேமில் நம்பர் முழுசாகத் தெரிகிறது. நாளைக் காலை ஸ்டேஷன் போகிறேன். பம்பருக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் பண்ணலாமா, கையிலிருந்து போடலாமா?

அரவேணு அக்கா:
முதலில் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், தாமதித்தால் அதையே காரணம் காட்டுவார்கள். அப்புறம் கணக்குப் பாருங்கள். கிளெய்ம் வாங்கினால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும், அது முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுவது. நீங்கள் 45, 50-இல் இருந்தால், ஹெட்லைட்டும் சேர்ந்து வரும் பில்லை அதோடு ஒப்பிட்டு முடிவு பண்ணுங்கள். எதிராளியே செலவை ஏற்றுக்கொண்டால் எழுதி வாங்குங்கள்.

கல்லட்டி36:
அந்தக் கேமராவை மாற்றிவிடுங்கள். பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் உள்ளது என்று கேட்டு வாங்குங்கள், வெயில் குளிர் இரண்டையும் தாங்கும், சாவியை அணைத்தாலும் ஃபைலை மூடிவிட்டுத்தான் அணையும். ஜிபிஎஸ் உள்ளதானால் நேரத்தைத் தானே சரிசெய்யும், இந்திய நேர மண்டலம் (+5.30) மட்டும் ஒரு தடவை வைக்க வேண்டும். கார்டு 'ஹை எண்டியூரன்ஸ்' (ஓயாமல் எழுதுவதைத் தாங்குவது) என்று போட்டதாக வாங்குங்கள். வைப்பர் துடைக்கிற இடத்துக்குள் வருகிற மாதிரி ஒட்டுங்கள், ஒட்டுவதை மதிய வெயிலில் செய்யுங்கள், காலைக் குளிரில் அந்த டேப் பிடிக்காது.