‘வை’ன்னு ஒலிக்கிற இங்கிலீஷ் வார்த்தை நம்ம ‘வை’தானா?

தங்கச்சிமடத்துப் பொண்ணு:
குரூப் 2 தேர்வுக்குப் பொது ஆங்கிலம் எடுத்துப் படிக்கிறேன். நேத்து பேப்பர்ல வி, ஐ, ஈ மூணே எழுத்துல ஒரு வினைச்சொல். அகராதியில ‘போட்டியிடு’ன்னு போட்டிருக்கு, உச்சரிப்பு ‘வை’. சத்தமா வாசிச்சேன். எங்க அப்பா பாம்பன் கரையில மீன் ஏலம் எடுக்கிறவர். “இது நம்ம வார்த்தையாச்சே! பந்தயத்துக்குக் காசு வைக்கிறதுதானே போட்டி?”ன்னார். நிஜமாவே நம்புறார். சரியா? அப்புறம், ‘இங்’ சேர்த்தா அந்த ஐ-ஈ எங்க போகுது?

கீழக்கரை வாத்தியார்:
தாயி, உங்கப்பா பொருளைச் சரியாப் பிடிச்சிட்டார். பிறந்த வீடுதான் வேற.

இது 16-ம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு வந்த சொல். பழைய பிரெஞ்சுல ‘ஆன்வியே’ன்னு ஒரு வினை, அதுக்கு மூலம் ‘இன்விதாரே’ங்கிற லத்தீன் சொல். ‘அழை’ன்னு அர்த்தம். கல்யாணப் பத்திரிகையில போடுற ‘இன்வைட்’டும் அதோட பிள்ளைதான். வர்ற வழியில முன்னால இருந்த ‘ஆன்’ உதிர்ந்து ‘வை’ மட்டும் மிஞ்சுச்சு.

அழைக்கிறதுக்கும் போட்டிக்கும் என்ன உறவு? அப்ப அங்க ‘ப்ரிமெரோ’ன்னு ஒரு சீட்டாட்டம் பிரபலம். கையில நல்ல சீட்டு இருக்கிறவன் பந்தயப் பணத்தைக் கூட்டி, “இவ்வளவு போட்டுட்டேன், நீ வர்றியா?”ன்னு எதிராளியை அழைப்பான். அந்தக் கூட்டுதலுக்குத்தான் முதல்ல இந்தப் பேர். கரையில சீலா மீனும் பாரை மீனும் குவிச்சுக் கிடக்கையில ஒருத்தர் ஆயிரம் கேட்பார், உங்கப்பா ஆயிரத்து நூறு கேட்பார், மத்தவர் முகத்தைப் பார்ப்பார் இல்லையா? அந்தப் பார்வைதான் இந்த வார்த்தை. ஷேக்ஸ்பியரோட ‘தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’ நாடகத்துல ஒரு பெண்ணைக் கட்டிக்க ரெண்டு பேர் சொத்துக் கணக்கை மாத்தி மாத்திக் கூட்டிச் சொல்வாங்க. தோத்தவனுக்கு அங்க ‘அவுட்-வைட்’னு பேர். பச்சையான ஏலம் அது. பணம் போய், வெறும் போட்டின்னு பொருள் விரிஞ்சது பிறகுதான்.

நம்ம ‘வை’யோட ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஒலி ஒண்ணுன்னு உறவு கொண்டாட முடியாது. இங்கிலீஷ்லயே பொறாமைக்குச் சொல்ற ‘என்வி’ இதுக்கு அக்கா தங்கச்சி மாதிரித் தெரியும், ஆனா அது வேற குடும்பம். கெட்ட எண்ணத்தோட பார்க்கிறதுங்கிற லத்தீன் சொல்லுல இருந்து வந்தது. நாம ‘கண்ணு வைக்கிறது’ங்கிறோமே, அது.

எழுத்துக்கு: டை, லை எல்லாம் ‘டையிங்’, ‘லையிங்’ ஆகும்போது ஐ-ஈ ரெண்டும் போய் ‘ஒய்’ வரும். இதுவும் அப்படித்தான். ஆளோட போட்டின்னா ‘வித்’, பொருளுக்காகன்னா ‘ஃபார்’. பரீட்சையில இதைத்தான் கேட்பாங்க, மறந்துடாதே.

தொண்டிக்காரன்:
போட்டியாளனைச் சொல்ற ‘ரைவல்’ங்கிற சொல்லையும் சேர்த்துப் படிங்க தங்கச்சி. லத்தீன்ல ‘ரீவுஸ்’னா ஓடை. ஒரே ஓடைத் தண்ணியைப் பங்கு போடுறவன்தான் ‘ரிவாலிஸ்’. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்துல எங்களுக்கும் ரெண்டு வயல் உண்டு. தண்ணி குறைஞ்ச வருஷம் மடைக்கிட்ட நின்னு பார்த்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

தங்கச்சிமடத்துப் பொண்ணு:
ரொம்ப நன்றி சார், அண்ணே. அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “சரி, ‘ஏலமா’வது நம்மளதான்னு கேளு”ன்னார்.

கீழக்கரை வாத்தியார்:
அதுவும் கடல் வழியா வந்ததுதான் தாயி. போர்த்துகீசியர் 16-ம் நூற்றாண்டுல இந்த முத்துக்குளிக் கரையில கால் வச்சாங்க. ஏலத்துக்கு அவங்க சொல் ‘லெய்லாவ்’. அங்க ‘ஆன்’ உதிர்ந்த மாதிரி, இங்க முன்னால இருந்த ‘ல’ உதிர்ந்து ‘ஏலம்’ ஆச்சு. ஆனா ‘ஒருதரம், ரெண்டுதரம்’னு கூவுறது நம்ம தமிழ்லதான். அப்பாகிட்ட அதைச் சொல்லு.