முதல் கூட்டத்துக்கு வழி தேடிப் போன நாள்: உங்கள் அனுபவம்

வைகைக்கரை:
மதுரையில் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டம் மாலை ஏழு மணிக்கு என்று, மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். சர்ச்சுக்குப் பின்னால் பள்ளிக்கூடம், மாடியில் கடைசி அறை. அந்தத் தெருவை மூன்று முறை சுற்றினேன். எந்த ஊருக்குப் போனாலும் டாஸ்மாக் எங்கே என்று கூசாமல் கேட்டவன், இதைக் கேட்க நாக்கு எழவில்லை. முனையிலிருந்த டீக்கடைக்காரர் நான் வாய் திறக்கும் முன்பே, "மாடிக்கா? அந்தப் பச்சை கேட்" என்றார்.

அதைவிட மனதில் நிற்பது உள்ளே கொடுத்த டீ. டம்ளரில் பாதிதான் இருந்தது. புதிதாக வந்தவனுக்கு இவ்வளவுதானா என்று கோபம்கூட வந்தது. கையில் வாங்கிய பிறகுதான் புரிந்தது. முழு டம்ளராக இருந்திருந்தால் சட்டையெல்லாம் கொட்டியிருப்பேன். கொடுத்தவர் என் கையைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி யாரிடமோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குடித்து முடித்ததும் இன்னொரு பாதி டம்ளர் வந்தது.

இரு பிள்ளைகளின் அம்மா:
வைகைக்கரை ஐயா, உங்களுக்குக் கேட்க நாக்கு எழவில்லை. எங்கள் வீட்டில் கேட்டு அலைந்தது நான். திருச்சியில் இரண்டு பஸ் மாறி அவரை அழைத்துப் போனேன். வாசலில் ஒருவர் கைகூப்பி, "அம்மா, இன்று மூடிய கூட்டம். குடிநோயாளிகள் மட்டும்தான். குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கு, உங்களுக்கென்று அல்-அனான் கூட்டம் தனியாக நடக்கிறது" என்றார். எனக்கா? நானா குடிக்கிறேன்? பதினாறு வருடம் சுமந்தவளை வெளியே நிறுத்துகிறார்களே என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து உள்ளே சிரிப்புச் சத்தம். அதில் அவர் சிரிப்பும் இருந்தது. பெரியவள் பிறந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. முன்பின் தெரியாதவர்களோடு சிரிக்கிறாரே என்று அழுகைதான் வந்தது, சந்தோஷம் வரவில்லை. அல்-அனானுக்கு நான் போக இன்னும் எட்டு மாதம் ஆயிற்று.

பொன்மலை:
கை அப்படி நடுங்குகிறவரை யாரும் நேராகக் கூட்டத்துக்கு அனுப்பக் கூடாது. வைகைக்கரை எழுதியதைப் படித்துவிட்டு நாலு பேர் அப்படியே கிளம்பினால் என்ன ஆவது?

என் மாமா கார்த்திகையில் மாலை போட்டால் தொடமாட்டார். அந்த வருடம் காலையிலேயே குடிக்கும் நிலைக்கு வந்திருந்தார். மாலை போட்ட அன்றே முற்றிலும் நிறுத்தினார். மூன்றாம் இரவு, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று விடியும்வரை வெறுங்கையால் தட்டிக்கொண்டே இருந்தார். அருள் வந்திருக்கிறது என்று நாங்கள் திருநீறு பூசினோம்.

தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். முதலில் டாக்டர். ஏ.ஏ. மருத்துவமனை அல்ல. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது அது. இன்றும் அதே வேலைதான். இன்னொன்று, குடியை நிறுத்தும் மருந்து, "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடுங்கள்" என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். சொல்லாமல் கொடுப்பது விஷம் வைப்பதற்குச் சமம். சர்ச் என்றதும் மதம் மாற்றுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: இடம்தான் அவர்களுடையது, கூட்டம் எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. கட்டணமும் கிடையாது. விருப்பப்பட்டதைப் போடலாம், போடாமலும் வரலாம். யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

வைகைக்கரை:
பொன்மலை, மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுத்தான் போனேன். துண்டுத்தாள் கொடுத்தது அவர்கள்தான் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். மாமா என்ன ஆனார் என்று நீங்கள் சொல்லவில்லையே?

குமரிமுனை:
எனக்குக் கிடைத்த முகவரி பழையது. நாகர்கோவிலில் நல்ல மழை. கேட்டில் ஒட்டியிருந்த தாளில் மை கரைந்து, "இடம் மாற்றம்" என்பது மட்டும்தான் தெரிந்தது. எந்த இடம் என்பது ஓடிப்போயிருந்தது. வந்த வழியில் இரண்டு டாஸ்மாக் கடைகளைத் தாண்டியிருந்தேன். திரும்பினால் மறுபடி அதே வழிதான்.

வாட்ச்மேன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஏழரை வரைக்கும் உட்காருங்கள், யாராவது தெரியாமல் வருவார்கள்" என்றார். வந்தது ஒரே ஒருவர், நனைந்த வேட்டியோடு. அவருக்கும் மாற்றம் தெரியாது. "குடிநோயாளிகள் இரண்டு பேர் சேர்ந்தால் கூட்டம்தான், ஆரம்பிப்போமா?" என்று கேட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தார். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளையும் செல்போன் வெளிச்சத்தில் நிதானமாக வாசித்தார். பிறகு பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்றார். நானும் சொன்னேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. வாட்ச்மேன் காதில் விழுந்திருக்கும்.

ஒன்பதரைக்கு பஸ் நிலையம் வரைக்கும் கூடவே நடந்தார். கடைகள் பத்து மணிவரை திறந்திருக்கும் என்பது இருவருக்குமே தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஏறிய பிறகும் போகாமல், பஸ் கிளம்பும்வரை மழையில் நின்றார். பத்து மணிக்கு நான் வீட்டுத் திண்ணையில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன்.