இங்க்ஸ்கேப்: அகலத்தில் 50 கொடுத்தால் 40-இல் வந்து நிற்கிறது

கோணல்கோடு:
லேசரில் வெட்ட, இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் ஒரு பெயர்ப்பலகை வரைந்துகொண்டிருக்கிறேன். செவ்வகம் இப்போது 80-க்கு 60 மி.மீ. வேண்டியது 50-க்கு 30. உருவத்தைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் டூலின் மேல்பட்டையில் அகலக் கட்டத்தில் 50 அடித்து டேப் தட்டினால் உயரம் தானாக 37.5 ஆகிறது. சரி, உயரத்தில் 30 அடிப்போம் என்றால் அகலம் 40-க்கு ஓடிவிடுகிறது. மறுபடி 50 அடித்தால் உயரம் மறுபடி 37.5. இதற்கு முடிவே இல்லையா?

தூரிகை:
இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் ஒரு பூட்டுப் படம் இருக்கும் பாருங்கள். அது பூட்டியிருக்கிறது. திறந்துவிட்டு அடியுங்கள்.

கோணல்கோடு:
அட, ஆமாம்! இப்போது 50, 30 இரண்டும் நிற்கின்றன. ஆனால் அதே செவ்வகத்தை ரெக்டாங்கிள் டூலில் தேர்ந்தெடுத்தால் 49, 29 என்று காட்டுகிறது. கோட்டின் தடிமன் 1 மி.மீ. எதை நம்புவது?

பழைய அச்சுக்காரன்:
இரண்டுமே உண்மைதான், அளக்கும் இடம்தான் வேறு. செலக்டர் வழக்கமாகக் கோட்டின் வெளி விளிம்பையும் சேர்த்து அளக்கும். கோடு பாதையின் (கோட்டின் நடுவே ஓடும், தடிமனே இல்லாத வரையின்) இருபுறமும் அரை அரை மி.மீ. வழிந்து நிற்பதால் மொத்தத்தில் 1 கூடுகிறது. ரெக்டாங்கிள் டூல் காட்டுவது பாதையின் அளவை மட்டும். லேசர் பாதை மேல்தான் ஓடும், கோட்டின் தடிமன் அதற்குப் பொருட்டே இல்லை. இப்படியே அனுப்பினால் துண்டு 50-க்கு வராது.

எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ் போய், டூல்ஸ் பக்கத்தில் விஷுவல் பவுண்டிங் பாக்ஸ் (உருவத்தைச் சுற்றி அளவெடுக்கும் கட்டம்) என்றிருப்பதை ஜியோமெட்ரிக் என்று மாற்றுங்கள். அப்புறம் செலக்டரும் பாதையைத்தான் அளக்கும். மறுபடி 50, 30 அடித்தால் போதும். அச்சு வேலை வந்தால் விஷுவலுக்குத் திரும்பிவிடுங்கள், அங்கே மையின் விளிம்புதானே கணக்கு. ஒன்று கவனம்: இந்த அமைப்பு கோப்போடு போகாது, அந்தந்தக் கணினியில்தான் இருக்கும். ஒரே கோப்பு இரண்டு கணினியில் இரண்டு அளவு காட்டினால் கோப்பைத் திட்டாதீர்கள்.

அதே மேல்பட்டையில் வலது ஓரம் நான்கு சின்னப் பொத்தான்கள் இருக்கும். முதலாவது அழுத்தியிருந்தால் உருவத்தைச் சுருக்கும்போது கோடும் மெலியும். இரண்டாவது, வளைந்த மூலைகளுக்கு. உங்களுக்குக் கோடு 1 மி.மீ.-லேயே இருப்பதால் முதலாவது அணைந்திருக்கிறது என்று தெரிகிறது. யாரும் பார்க்காத இந்தப் பொத்தான்களால்தான் பாதிப் புகார்கள் வருகின்றன என்பது என் எண்ணம்.

கோணல்கோடு:
மாற்றிவிட்டேன், இப்போது இரண்டு டூலும் ஒரே பேச்சு. கடைசியாக ஒன்று. எழுத்துகளை மட்டும் ஒன்றரை மடங்கு பெரிதாக்க, டிரான்ஸ்ஃபார்ம் பெட்டியில் ஸ்கேல் பக்கம் போய் 1.5 கொடுத்தேன். எழுத்தையே காணோம்!

தூரிகை:
இருக்கிறது, புள்ளியாக! அந்தக் கட்டம் சதவீதத்தில் இருக்கிறது. 1.5 என்றால் 1.5 சதவீதம். கன்ட்ரோல் இசட் போட்டுவிட்டு 150 கொடுங்கள்.

பழைய அச்சுக்காரன்:
சதவீதம் எப்போதும் அந்த நேரத்து அளவின் மேல்தான். 150 கொடுத்ததைப் பழைய அளவுக்குக் கொண்டுவர 50 கொடுத்தால் முக்கால் பங்குதான் மிஞ்சும், 66.67 கொடுக்க வேண்டும். 80-க்குச் சுருக்கியதை மீட்க 125. நான் இந்த வம்பே வேண்டாம் என்று மேல்பட்டையில் மி.மீ. கணக்கிலேயே அடிப்பேன். அந்தக் கட்டம் கூட்டல் கழித்தலும் போடும்: 80/2+5 என்று அடித்தால் 45 ஆக்கிக்கொள்ளும். ஆனால் பக்கத்தில் அலகு பிக்சலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 50 பிக்சல் என்பது 13.23 மி.மீ.தான்.